வரலாற்றில் இன்று – ஏப்ரல் 14: பம்பாய்த் துறைமுக வெடிவிபத்து, மொய்ராங்கில் மூவர்ணக் கொடி, அம்பேத்கர் பிறந்த நாள்

வாஷி (நவி மும்பை), ஏப். 14: வாஷியிலிருந்து ஹார்பர் வழித்தடத்தில் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம் நோக்கிச் செல்லும் மின்சார ரயில், வடாலாவைக் கடந்த பின் சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மஸ்ஜித் ஆகிய நிலையங்களின் வழியாகச் செல்கிறது. இடதுபுறச் சன்னல்களில் தென்படுவது மும்பைத் துறைமுகத்தின் கிடங்குகள். சரியாக இந்த நாளில், 1944-ஆம் ஆண்டு, அந்தப் பகுதியின் ஒரு பெரும் நிலப்பரப்பு தீக்கிரையானது. நாடு முழுவதும் ஏப்ரல் 14 தேசிய தீயணைப்புச் சேவை நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதற்கு அந்த விபத்தே காரணமாகும்.

சட்டமேதை டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் பிறந்ததும், பகவான் ரமண மகரிஷி சமாதியடைந்ததும், டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியதும் இதே ஏப்ரல் 14-ஆம் நாளில்தான். இந்நாளின் முக்கிய நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் குறித்த தொகுப்பு வருமாறு:

பம்பாய்த் துறைமுக வெடிவிபத்து (1944)

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம். கனடாவில் கட்டப்பட்ட 'எஸ்.எஸ். ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற சரக்குக் கப்பல், 1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பிர்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருட்களும் போர்த் தளவாடங்களும் இருந்தன. எறிகுண்டுகள், கடற்கண்ணிகள், பிரித்து அடுக்கப்பட்ட போர் விமானங்கள் ஆகியவற்றுடன், அக்கால மதிப்பில் பத்து லட்சம் பவுண்டை ஒட்டிய தங்கக் கட்டிகளும் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன.

வழியில் கராச்சியில் ஒரு பகுதிச் சரக்கு இறக்கப்பட்டது. காலியான இடத்தில் ஆயிரக்கணக்கான பருத்திப் பொதிகளும், எண்ணெய்ப் பீப்பாய்களும், மரமும், பழைய இரும்பும் ஏற்றப்பட்டன. எளிதில் தீப்பற்றும் பருத்தியும், வெடிபொருளும் ஒரே கப்பலில், ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கப்பட்டன. போர்க்காலத்தில் கப்பல் பற்றாக்குறை கடுமையாக இருந்ததால், பாதுகாப்பு விதிகள் தளர்த்தப்பட்டிருந்தன.

ஏப்ரல் 12 அன்று பம்பாய் வந்தடைந்த கப்பல், விக்டோரியா துறையின் முதலாம் தளத்தில் நிறுத்தப்பட்டது. முன்னுரிமை அளித்து முதலில் இறக்கப்பட வேண்டிய வெடிபொருட்கள், இரண்டு நாட்களுக்குப் பின்னரும் கப்பலிலேயே இருந்தன.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2 மணியளவில் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை வருவது கவனிக்கப்பட்டது. கப்பல் பணியாளர்களும் தீயணைப்பு வீரர்களும் சரக்கறைக்குள் தொடர்ந்து நீரைப் பாய்ச்சினர். ஏறத்தாழ 900 டன் நீர் செலுத்தப்பட்டும், தீயின் மூலம் எங்கே என்பதைக் கண்டறிய முடியவில்லை. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, துறைமுகத்துக்கு வெளியே இழுத்துச் செல்வதா, நீரைப் பாய்ச்சியே தீயைக் கட்டுப்படுத்துவதா என்பதில் அதிகாரிகளிடையே ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. துறைமுகத்துக்கும், ராணுவத்துக்கும், கப்பலுக்கும் தனித்தனியே பொறுப்பாளர்கள் இருந்தனர். இறுதி முடிவை எடுக்கும் ஒருவர் அங்கு இல்லை.

பிற்பகல் 3.50 மணிக்குக் கப்பலைவிட்டு வெளியேற உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. தீயணைப்பு வீரர்கள் பலர் கரையிலிருந்து நீரைப் பாய்ச்சும் பணியைத் தொடர்ந்தனர். 4.06 மணிக்கு முதல் வெடிப்பு நிகழ்ந்தது. கப்பல் இரண்டாகப் பிளந்தது. 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகளும் நொறுங்கின. ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிம்லாவின் நிலநடுக்கமானியில் அதிர்வு பதிவானது. ஏறக்குறைய அரைமணி நேரத்துக்குப் பின் இரண்டாவது, இன்னும் வலிமையான வெடிப்பு ஏற்பட்டது.

அருகே நின்றிருந்த 'ஜலபத்மா' என்ற கப்பல் அலையால் தூக்கப்பட்டுத் துறைமுகக் கரையின் மீது விழுந்தது. பத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின அல்லது பயன்படாத அளவுக்குச் சேதமடைந்தன. எரியும் பருத்திப் பொதிகளும் இரும்புத் துண்டுகளும் வானிலிருந்து பொழிந்து, துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி, மஸ்ஜித் பந்தர் பகுதிகளின் குடியிருப்புகளிலும் கிடங்குகளிலும் தீயைப் பரப்பின. கப்பலிலிருந்த தங்கக் கட்டிகளும் சிதறிப் பறந்தன. அவற்றில் ஒன்று நகருக்குள் ஒரு வீட்டின் மீது விழுந்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னரும், துறைமுகத்தைத் தூர்வாரும் பணிகளின்போது தங்கக் கட்டிகளும், வெடிக்காத குண்டுகளும் கிடைத்து வந்தன.

உயிரிழந்தோரின் எண்ணிக்கை 800 முதல் 1,300 வரை என மதிப்பிடப்படுகிறது. துறைமுகக் கூலித் தொழிலாளர்களுக்குப் பெயர்ப் பதிவு முழுமையாக இல்லாத காலம் என்பதால், துல்லியமான எண்ணிக்கை ஒருபோதும் உறுதி செய்யப்படவில்லை. பணியில் இருந்த 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் வீடிழந்தனர். கிடங்குகளில் இருந்த 55 ஆயிரம் டன் தானியம் அழிந்தது. வங்காளப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்டதற்கு அடுத்த ஆண்டில் இந்த இழப்பு ஏற்பட்டது.

தீயைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று நாட்கள் ஆயின. சுமார் 8 ஆயிரம் பேர் ஏழு மாதங்கள் உழைத்து ஐந்து லட்சம் டன் இடிபாடுகளை அகற்றிய பின்னரே துறைமுகம் முழுமையாக இயங்கத் தொடங்கியது.

போர்க்காலத் தணிக்கை காரணமாக இந்தச் செய்தி உள்நாட்டு நாளிதழ்களில் முழுமையாக வெளிவரவில்லை. ஜப்பானியர் கட்டுப்பாட்டில் இருந்த சைகோன் வானொலி மறுநாளே விபத்தை விரிவாக ஒலிபரப்பியது. பிரிட்டிஷ்-இந்திய அரசு, செய்தியாளர்கள் விவரங்களை வெளியே அனுப்ப மே மாதத்தில்தான் அனுமதி வழங்கியது.

விசாரணையில் தெரியவந்தவை

விபத்து குறித்து அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம், சதிச்செயலுக்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. பருத்திப் பொதிகள் வைக்கப்பட்டிருந்த பகுதியில் யாரோ தவறவிட்ட சிகரெட் நெருப்பே தீக்குக் காரணமாக இருக்கக்கூடும் என ஆணையம் கருதியது. எனினும், தீ பேரழிவாக மாறியதற்குப் பல தவறுகளை அது வரிசைப்படுத்தியது.

* வெடிபொருட்களுக்கு மேலும் கீழும் பருத்திப் பொதிகள் அடுக்கப்பட்டிருந்தன.
* அபாயகரமான சரக்கு உள்ளதை உணர்த்தும் சிவப்புக் கொடி கப்பலில் ஏற்றப்படவில்லை.
* வெடிபொருட்களை இறக்குவதில் தாமதம் ஏற்பட்டது.
* சரக்கறைத் தீயைக் கட்டுப்படுத்த நீராவிக் கருவிகள் பயன்படுத்தப்படவில்லை.
* நகரத் தீயணைப்புப் படைக்குத் தகவல் தருவதில் தாமதம் நேர்ந்தது.

விபத்துக்கான பொறுப்பை அரசு ஏற்று, விண்ணப்பித்தவர்களுக்கு இழப்பீடு வழங்கியது.

துறைமுகத்திலிருந்து வாஷிக்கு

விபத்துக்குப் பின் மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட மஸ்ஜித் பந்தர், மாண்ட்வி பகுதிகளில் தானியம், மசாலா, வெங்காயம் உள்ளிட்டவற்றின் மொத்த வணிகம் பல பத்தாண்டுகள் நீடித்தது. குறுகிய தெருக்களில் சரக்கு லாரிகளின் நெரிசல் நாளுக்கு நாள் பெருகியது. 1970-ஆம் ஆண்டு 'சிட்கோ' நிறுவனம் தொடங்கப்பட்டு நவி மும்பை திட்டமிடப்பட்டபோது, மொத்தச் சந்தைகளைத் தீவு நகரிலிருந்து வெளியேற்றுவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்றாக இருந்தது.

அதன்படி 1981-இல் வெங்காயம்-உருளைக்கிழங்குச் சந்தை வாஷிக்கு மாற்றப்பட்டது. தொடர்ந்து மசாலா, தானியச் சந்தைகளும், 1996-இல் காய்கறி, பழச் சந்தைகளும் இடம்பெயர்ந்தன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதே காலகட்டத்தில் வாஷிக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் குடியேறின.

மொய்ராங்கில் மூவர்ணக் கொடி (1944)

பம்பாய்த் துறைமுகம் எரிந்துகொண்டிருந்த அதே நாளில், நாட்டின் கிழக்கு எல்லையில் மற்றொரு வரலாற்று நிகழ்வு அரங்கேறியது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமையிலான இந்திய தேசிய ராணுவத்தின் கர்னல் ஷவுகத் மாலிக், மணிப்பூரின் மொய்ராங்கில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அடுத்த சில மாதங்களில் இம்பால் போரில் ஏற்பட்ட பின்னடைவால் அப்படை பின்வாங்க நேர்ந்தது.

மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பணியாற்றிய தமிழர்கள் பெருமளவில் அந்தப் படையில் சேர்ந்திருந்தனர். ஜான்சி ராணி படைப்பிரிவிலும் தமிழ்ப் பெண்கள் கணிசமாக இடம்பெற்றிருந்தனர். மொய்ராங்கில் இன்று அப்படையின் நினைவாக அருங்காட்சியகம் இயங்கி வருகிறது.

டாக்டர் அம்பேத்கர் பிறந்த நாள் (1891)

இந்திய அரசியலமைப்பின் வரைவுக்குழுத் தலைவர் டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மாவ் ராணுவக் குடியிருப்பில் 1891 ஏப்ரல் 14 அன்று பிறந்தார். ராணுவத்தில் சுபேதாராகப் பணியாற்றிய ராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் அவர் பதினான்காவது குழந்தை.

அவருடைய வாழ்வின் பெரும்பகுதி மும்பையில் கழிந்தது. எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்ற அவர், 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பின்னர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் முனைவர் பட்டமும், கிரேஸ் இன் நிறுவனத்தில் வழக்கறிஞர் தகுதியும் பெற்றார். தொழிலாளர்கள் நிறைந்த பரேலின் சால் குடியிருப்பில் நீண்ட காலம் குடும்பத்துடன் வசித்தார். அதன்பின் தாதரில் தாம் கட்டிய 'ராஜ்கிருஹ' இல்லத்துக்குக் குடிபெயர்ந்தார். அவ்வீட்டில் அவருடைய பெரும் நூலகம் அமைந்திருந்தது.

1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவுதார் குளத்தில் நீர் அருந்தும் போராட்டத்துக்குத் தலைமை வகித்தார். லண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாடுகளில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும், தமிழ்நாட்டைச் சேர்ந்த ரெட்டைமலை சீனிவாசனும் பங்கேற்றனர்.

பம்பாய்த் துறைமுகம் வெடித்துச் சிதறிய நாளில் அம்பேத்கருக்கு 53 வயது நிறைவடைந்திருந்தது. அப்போது அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பு வகித்தார் (1942-46). அவருடைய பொறுப்புக் காலத்தில், தொழிற்சாலைகளில் வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் சட்டத்திருத்தம் 1946-இல் நிறைவேறியது.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பவுத்தம் தழுவிய அவர், அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று டெல்லியில் காலமானார். அவரது உடல் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு, தாதர் கடற்கரையில் தகனம் செய்யப்பட்டது. அவ்விடம் இன்று 'சைத்ய பூமி' என வழங்கப்படுகிறது. 1990-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. தமிழ்நாடு அரசு, அவரது பிறந்த நாளைச் 'சமத்துவ நாள்' எனக் கடைப்பிடிக்க 2022-இல் அறிவித்தது.

ரமண மகரிஷி சமாதி (1950)

விருதுநகர் மாவட்டம் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், 16-ஆம் வயதில் மதுரையில் இருந்த வீட்டைத் துறந்து, 1896 செப்டம்பரில் திருவண்ணாமலை சென்றடைந்தார். அதன்பின் அவர் அம்மலையை விட்டு வேறெங்கும் செல்லவில்லை. இடது கையில் ஏற்பட்ட புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைகள் மேற்கொள்ளப்பட்டும் பலனளிக்காமல், 1950 ஏப்ரல் 14 அன்று இரவு 8.47 மணிக்கு 70-ஆம் வயதில் சமாதியடைந்தார். அந்நேரத்தில் வானில் ஓர் எரிநட்சத்திரம் கடந்து சென்றதைப் பலரும் கண்டதாகப் பதிவுகள் உள்ளன. அவர்களில் ஆசிரமத்தில் தங்கியிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோனும் ஒருவர்.

பிற முக்கிய நிகழ்வுகள்

1828 – நோவா வெப்ஸ்டர், 70 ஆயிரம் சொற்களைக் கொண்ட தமது அமெரிக்க ஆங்கில அகராதிக்குப் பதிப்புரிமை பதிவு செய்தார்.

1865 – அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன், வாஷிங்டனின் ஃபோர்டு நாடக அரங்கில் ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகரால் சுடப்பட்டார். மறுநாள் காலை அவர் உயிரிழந்தார்.

1912 – தனது முதல் பயணத்தில் நியூயார்க் சென்றுகொண்டிருந்த டைட்டானிக் கப்பல், இரவு 11.40 மணிக்கு வட அட்லாண்டிக் கடலில் பனிப்பாறையில் மோதியது. மறுநாள் அதிகாலை 2.20 மணிக்குக் கப்பல் மூழ்கியது. 1,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

1931 – ஸ்பெயினில் மன்னராட்சி முடிவுக்கு வந்து இரண்டாம் குடியரசு அறிவிக்கப்பட்டது.

1986 – வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஆலங்கட்டிகள் விழுந்தன. 92 பேர் உயிரிழந்தனர்.

1995 – ஷார்ஜாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியில் இலங்கையை 8 விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. அணித்தலைவர் முகமது அசாருதீன் ஆட்டமிழக்காமல் 90 ரன்கள் எடுத்தார்.

2003 – மனித மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தும் பன்னாட்டுத் திட்டம் நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது.

2010 – ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் மேகம் ஐரோப்பாவின் வான் போக்குவரத்தை முடக்கத் தொடங்கியது. அதே நாளில் சீனாவின் யூஷு பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 2,600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

2014 – நைஜீரியாவின் சிபோக் நகரில் அரசுப் பள்ளி விடுதியிலிருந்து 276 மாணவிகளை போகோ ஹராம் அமைப்பினர் இரவில் கடத்திச் சென்றனர்.

2016 – வேளாண் விளைபொருட்களுக்கான 'இ-நாம்' எனப்படும் தேசிய மின்னணுச் சந்தை, 8 மாநிலங்களின் 21 ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுடன் தொடங்கி வைக்கப்பட்டது.

2020 – கொரோனா பொதுமுடக்கம் மே 3 வரை நீட்டிக்கப்படுவதாகப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். அன்று பிற்பகல், சொந்த ஊர் திரும்ப வழி கோரி, மும்பை பாந்த்ரா ரயில் நிலையம் அருகே ஆயிரக்கணக்கான புலம்பெயர் தொழிலாளர்கள் திரண்டனர்.

2023 – ஹைதராபாத்தில் அம்பேத்கரின் 125 அடி உயர வெண்கலச் சிலை திறந்து வைக்கப்பட்டது.

பிறப்புகள்

1629 – கிறிஸ்டியான் ஹைகன்ஸ், சனிக் கோளின் டைட்டன் நிலவைக் கண்டறிந்த டச்சு அறிவியலாளர் (இ. 1695).

1866 – ஆன் சல்லிவன், பார்வையும் கேட்கும் திறனும் இழந்த ஹெலன் கெல்லருக்குக் கல்வி புகட்டிய அமெரிக்க ஆசிரியை (இ. 1936).

1889 – ஆர்னால்ட் டாயின்பீ, ஆங்கிலேய வரலாற்றறிஞர் (இ. 1975).

1907 – 'நடிகவேள்' எம்.ஆர். ராதா, தமிழ் நாடக, திரைப்பட நடிகர். அவர் மேடையில் பலமுறை நடித்த 'ரத்தக்கண்ணீர்' நாடகம், 1954-இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைப்படமானது (இ. 1979).

1919 – ஷம்ஷாத் பேகம், இந்தித் திரைப்படப் பின்னணிப் பாடகி. 2009-இல் பத்ம பூஷண் விருது பெற்றார் (இ. 2013, மும்பை).

1922 – உஸ்தாத் அலி அக்பர் கான், சரோத் இசைக் கலைஞர் (இ. 2009).

இறப்புகள்

1759 – ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஹாண்டெல், ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இசையமைப்பாளர் (பி. 1685).

1917 – எல்.எல். சாமன்ஹாஃப், எஸ்பெராண்டோ மொழியை உருவாக்கியவர் (பி. 1859).

1930 – விளாதிமிர் மாயகோவ்ஸ்கி, ரஷ்யக் கவிஞர் (பி. 1893).

1963 – ராகுல் சாங்கிருத்யாயன், இந்தி எழுத்தாளர், பயணி, பவுத்த அறிஞர். அவருடைய 'வால்காவிலிருந்து கங்கை வரை' நூல், இந்திய தேசிய ராணுவத்துடன் தொடர்புடைய கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பில் தமிழில் பல பதிப்புகள் கண்டது (பி. 1893).

1964 – ரேச்சல் கார்சன், பூச்சிக்கொல்லிகளின் தீங்கை 'சைலன்ட் ஸ்பிரிங்' நூலில் வெளிப்படுத்திய அமெரிக்க உயிரியலாளர் (பி. 1907).

1986 – சிமோன் தெ பொவ்வார், பிரெஞ்சுத் தத்துவவாதி, எழுத்தாளர் (பி. 1908).

சிறப்பு நாட்கள்

தமிழ்ப் புத்தாண்டு: கதிரவன் மேட இராசியில் நுழையும் சித்திரை முதல் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 14 அன்று அமைகிறது. 2008-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் தை முதல் நாள் தமிழ்ப் புத்தாண்டாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, சித்திரை முதல் நாள் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் தமிழரும் சிங்களரும் இதே காலத்தில் புத்தாண்டைக் கொண்டாடுகின்றனர். கேரளத்தில் விஷு, அசாமில் பிஹு, வங்கத்தில் பொய்லா பொய்ஷாக், தாய்லாந்தில் சொங்க்ரான் ஆகிய திருநாட்களும் இந்நாட்களையொட்டியே வருகின்றன.

தேசிய தீயணைப்புச் சேவை நாள்: 1944 விபத்தில் உயிர்நீத்த வீரர்களுக்கு இன்று நாடெங்கும் உள்ள தீயணைப்பு நிலையங்களில் அஞ்சலி செலுத்தப்படுகிறது. மும்பை பைகுல்லாவிலுள்ள தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் அமைந்துள்ளது. இன்று தொடங்கி ஏப்ரல் 20 வரை தீத்தடுப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. கிடங்குகள், சந்தைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் செயல்விளக்கப் பயிற்சிகள் இவ்வாரத்தில் நடத்தப்படுவது வழக்கம். தீ விபத்து குறித்துத் தகவல் தெரிவிக்க 101 அல்லது 112 என்ற எண்ணை அழைக்கலாம்.